வெப்பம் எந்த வகைப் பெயர்?

சென்ற ஆண்டு வெப்பவியல் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து நின்று கேட்டார்: "சார், 'ஹீட்' என்பது மெட்டீரியல் நௌனா, அப்ஸ்ட்ராக்ட் நௌனா?" பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டுப் பட்டப் படிப்பில்தான் ஆங்கிலப் பாடநூலை முதன்முதலாகக் கையிலெடுத்தவர் அவர். இயற்பியல் வகுப்பில் இலக்கணக் கேள்வியா என்று மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நானும் தமிழ் வழியில் படித்தவன். கல்லூரியில் முதலாண்டு ஆய்வக ஏட்டில், கலவை முறையில் தன் வெப்பம் கண்டறியும் சோதனைக்கு நான் பெற்ற விடை சரியாகவே இருந்தது. ஆனால், எழுதிய வாக்கியத்தில் 'ஹீட்ஸ்' என்றும் 'எக்விப்மென்ட்ஸ்' என்றும் பன்மையில் எழுதிவிட்டேன். சிவப்பு மையால் வட்டமிட்டு, வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினார்கள். எனக்கு வெட்கத்தைவிடத் திகைப்பே மிகுதியாக இருந்தது. ஏனெனில் ஆங்கிலப் பெயர்ச்சொல் ஐந்து வகைப்படும் என்பதை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அந்த ஐந்தில் எதுவும், எந்தச் சொல்லுக்குப் பின்னால் 'எஸ்' சேர்க்கலாம், எதற்குச் சேர்க்கக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தரவில்லை.

அப்படியானால் அந்த ஐந்து வகைகளை யார் வகுத்தார்கள்? எதற்காக வகுத்தார்கள்? இவ்வினாவுக்கு விடை தேடிப் போனபோது, என் சொந்தத் துறைக்காரர்கள் பலரை வழியில் சந்தித்தேன். அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஐந்து பெட்டிகள்

இந்தியப் பள்ளிகளில் வேரூன்றிய ஐந்து வகைப் பட்டியல் பெரும்பாலும் ஜே. சி. நெஸ்பீல்டு என்பவரின் நூல்கள் வழியே வந்தது. இவர் வட இந்தியாவில் கல்வித் துறையில் உயர் பதவி வகித்தவர். 1890களில் இந்திய மாணவர்களுக்காக இவர் எழுதிய இலக்கண நூல்கள் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டன. ராமன், சென்னை போன்றவை சிறப்புப் பெயர். பையன், நகரம் போன்றவை பொதுப் பெயர். படை, மந்தை போன்றவை தொகுதிப் பெயர். தங்கம், தண்ணீர் போன்றவை மெட்டீரியல் நௌன். அறிவு, வீரம் போன்றவை அப்ஸ்ட்ராக்ட் நௌன். கடைசி இரண்டையும் இக்கட்டுரையில் பண்டப் பெயர், பண்புப் பெயர் என்று அழைப்போம். மெட்டீரியல் நௌனைப் பொருட்பெயர் என்று சொன்னால் அது நன்னூலார் கூறும் பொருட்பெயரோடு குழம்பிவிடும்.

இவற்றில் சிறப்புப் பெயர், பொதுப் பெயர் என்ற பிரிவு மிகப் பழையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டில் வாழ்ந்த கிரிசிப்பஸ் முதலான ஸ்டோயிக் தத்துவவாதிகள், 'சாக்ரட்டீஸ்' என்பதும் 'மனிதன்' என்பதும் ஒரே இனச் சொற்கள் என்று ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டையும் வேறு வேறு சொல்வகைகளாகவே எண்ணினார்கள். பின்னர் டயோனீசியஸ் திராக்ஸ் என்பவரின் பெயரால் வழங்கும் சிறிய கிரேக்க இலக்கணம், இரண்டையும் பெயர்ச்சொல் என்ற ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது. அந்நூல் பெயர்ச்சொல்லுக்குத் தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது. 'கல்' போன்ற உடலுள்ள பொருளையோ, 'கல்வி' போன்ற உடலற்ற ஒன்றையோ குறிப்பது பெயர் என்கிறது அது. பண்டம், பண்பு என்ற பிளவின் விதை இங்கேயே விழுந்துவிட்டது. கூட்டத்தைக் குறிக்கும் பெயர் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட உட்பிரிவுகளையும் அந்நூல் அடுக்குகிறது.

இந்த வகைகள் யாவும் ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை: இச்சொல் உலகிலுள்ள எதைக் குறிக்கிறது? பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறு வகை கூறும் நம் நன்னூலாரும் கேட்டது அதே கேள்விதான். நல்ல கேள்வி. ஆனால் இது இலக்கணக் கேள்வி மட்டுமன்று. உலகில் என்னென்ன இருக்கின்றன என்று தெரிந்தால்தான் விடை சொல்ல முடியும். அது தெரியாமல் போனால், அல்லது தெரிந்ததாக நினைத்தது பொய்த்துப் போனால் என்ன ஆகும்?

இலக்கணம் எழுதிய விஞ்ஞானிகள்

அச்சில் வந்த முதல் ஆங்கில இலக்கணம் வில்லியம் புல்லோக்கர் 1586-ல் வெளியிட்டது. அக்காலத்தவர் லத்தீன் இலக்கணத்தை எடுத்து அதன் அச்சில் ஆங்கிலத்தை ஊற்றினார்கள். லத்தீனில் பெயர்ச்சொல்லும் பெயரடையும் ஒன்றுபோலவே உருபேற்பதால், 'மரம்' என்பதும் 'நல்ல' என்பதும் இரண்டுமே 'பெயர்' என்று அதில் கொள்ளப்பட்டன. ஆங்கிலத்திலும் அப்படியே என்று நெடுங்காலம் சொல்லிக் கொடுத்தார்கள்.

இந்தப் போக்கை எதிர்த்தவர்களில் ஒருவர் ஜான் வாலிஸ். எண்ணிலிக்கு இன்று நாம் போடும், படுத்த எட்டு போன்ற குறியை 1655-ல் அறிமுகம் செய்தவர் இவர். மோதும் பொருள்களின் இயக்க விதிகளை லண்டன் ராயல் கழகத்துக்கு எழுதி அனுப்பியவரும் இவரே. ஆக்ஸ்போர்டில் வடிவியல் பேராசிரியராக இருந்த இந்தக் கணித மேதை, 1653-ல் ஓர் ஆங்கில இலக்கணத்தை வெளியிட்டார். அதை லத்தீன் மொழியிலேயே எழுதினார் என்பது வேடிக்கை. ஆயினும், ஆங்கிலப் பெயர்களுக்கு லத்தீனில் இருப்பது போன்ற பாலும் வேற்றுமை உருபுகளும் கிடையா, இல்லாததை ஏன் வலிந்து திணிக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார்.

அடுத்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி. ஆம், ஆக்சிஜனைக் கண்டறிந்தவர் என்று நீங்கள் வேதியியலில் படித்த அதே பிரீஸ்ட்லிதான். அவர் பள்ளி நடத்திய நாள்களின் பயனாக 1761-ல் ஆங்கில இலக்கண நூலொன்றை வெளியிட்டார். பெயரடையைப் பெயரிலிருந்து பிரித்துத் தனிச் சொல்வகையாக்கி, இன்றும் பள்ளிகளில் எண்ணப்படும் எட்டுச் சொல்வகைகளை வரிசைப்படுத்தியது அந்நூல். மொழி இப்படி இருக்க வேண்டும் என்று ஆணையிடுவதைவிட, மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்ப்பதே முறை என்பது அவர் கொள்கை. சோதனைச் சாலையில் வளர்ந்த மனம் அப்படித்தான் நினைக்கும்.

இத்தகைய மனிதரையும் ஒரு பெயர்ச்சொல் ஏமாற்றிவிட்டது என்பதுதான் வியப்பு. எரியும் பொருள்கள் யாவற்றிலும் 'ஃபுளோஜிஸ்டன்' என்ற பண்டம் இருக்கிறது, எரியும்போது அது வெளியேறுகிறது என்று அக்கால வேதியியலார் நம்பினார்கள். 1774 ஆகஸ்டு முதல் நாள், பெரிய குவிலென்சினால் சூரிய ஒளியைக் குவித்துப் பாதரச ஆக்சைடைச் சூடாக்கிய பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தியைப் பளிச்சென்று எரியச் செய்யும் ஒரு வாயுவைப் பெற்றார். அதற்கு அவர் இட்ட பெயர் 'ஃபுளோஜிஸ்டன் நீங்கிய காற்று'! கையில் ஆக்சிஜனை வைத்துக்கொண்டு, இல்லாத ஒரு பண்டத்தின் பெயரால் அதை அழைத்தார். 1804-ல் அமெரிக்காவில் கண்மூடும் வரை அந்தப் பெயரை அவர் விடவில்லை.

தங்கத்தைப் போலவே ஃபுளோஜிஸ்டனும் பண்டப் பெயர்தான். இலக்கணப்படி அதில் எந்தக் குற்றமும் இல்லை. பண்டம்தான் இல்லை.

கலோரிக் என்னும் பண்டம்

ஃபுளோஜிஸ்டனை வீழ்த்தியவர் பாரிசு நகரத்து லவாய்சியர். 1787-ல் அவரும் மூன்று தோழர்களும் சேர்ந்து வேதிப்பொருள்கள் அனைத்திற்கும் புதிய பெயர் முறையை வகுத்தார்கள். பெயர் சரியில்லாவிட்டால் எண்ணமும் சரியிராது என்பது அவர்கள் துணிபு. ஈராண்டு கழித்து லவாய்சியர் வெளியிட்ட பாடநூலில், மேலும் பிரிக்கவியலாத 33 எளிய பொருள்களின் பட்டியல் இருந்தது. அதன் தலைப்பில் ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஆகியவற்றோடு ஒளியும் 'கலோரிக்'கும் இடம்பெற்றன. கலோரிக் என்றால் வெப்பப் பண்டம். ஒரு பொய்ப் பண்டத்தை வெளியேற்றிய அதே கையால் இன்னொன்றை உள்ளே அழைத்துக்கொண்டார் அவர்.

இதை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். கலோரிக் கொள்கை நன்றாகவே வேலை செய்தது. எடையற்ற, கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்மம் அது. அதன் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும். பொருளுக்குள் கலோரிக் புகுந்தால் அது விரிவடைகிறது. மிகுதியாக உள்ள இடத்திலிருந்து குறைவாக உள்ள இடத்துக்குப் பாய்கிறது. பனிக்கட்டி உருகும்போது வெப்பநிலை உயராதது ஏன்? கலோரிக் பனிக்கட்டியோடு கூடி உள்ளே மறைந்து உறைகிறது. 1824-ல் சாடி கார்னோ நீராவி எந்திரத்தின் திறனுக்கு எல்லை வகுத்த புகழ்பெற்ற ஆய்வும் கலோரிக்கை வைத்துத்தான் எழுதப்பட்டது. 'உள்ளுறை வெப்பம்' என்று தமிழில் நாம் இன்றும் சொல்கிறோமே, அது அந்தப் பழைய பண்டத்தின் எலும்புக்கூடு. 'வெப்பம் பாய்கிறது' என்பதும் அப்படியே.

முதல் பெரும் அடியைக் கொடுத்தவர் ரம்ஃபோர்டு பிரபு. அமெரிக்காவில் பிறந்து, ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆயுதச் சாலையை மேற்பார்த்து வந்தவர். பீரங்கிக் குழாய்களைக் குடையும்போது உலோகம் கொதிக்கக் கொதிக்கச் சூடாவதைக் கண்டு, மழுங்கிய குடைகருவியைத் தண்ணீருக்குள் வைத்துக் குதிரைகளைக் கொண்டு சுழற்றச் செய்தார். இரண்டரை மணி நேரத்தில், நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்தது. சுற்றி நின்றவர்கள் வாயடைத்துப் போனார்கள். குடையக் குடைய வெப்பம் வந்துகொண்டே இருந்தது, தீரவில்லை. ஒரு பொருளிலிருந்து வரம்பின்றி எடுத்துக்கொண்டே இருக்கக் கூடியது பண்டமாக இருக்க முடியாது என்று 1798-ல் அவர் எழுதினார். (இதே ரம்ஃபோர்டு பின்னாளில் லவாய்சியரின் விதவையை மணந்துகொண்டார். கலோரிக்கைத் தாக்கியதைவிட இது பெரிய வம்பாக முடிந்தது; சில ஆண்டுகளில் பிரிந்துவிட்டார்கள்.)

ஆயினும் கலோரிக் மேலும் ஐம்பது ஆண்டுகள் உயிரோடிருந்தது. அதை முடித்து வைத்தவர் மான்செஸ்டர் பக்கத்து மதுத் தொழிலகக் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல். எடைக்கற்கள் கீழே இறங்க, அவற்றின் கயிறு துடுப்புச் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் தண்ணீரைக் கலக்க, தண்ணீரின் வெப்பநிலை ஒரு டிகிரியின் சிறு பகுதி உயர்வதை நுட்பமான வெப்பமானியால் அளந்தார். 1843 முதல் பலவாறு செய்து பார்த்து, 1850-ல் அச்சான கட்டுரையில் அவர் தந்த எண் 772. அதாவது, ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடாக்க 772 அடி-பவுண்டு வேலை வேண்டும். இன்றைய அலகில் ஒரு கலோரிக்கு ஏறத்தாழ 4.15 ஜூல் ஆகிறது. இப்போது நாம் கொள்ளும் மதிப்பு 4.186. அந்தக் காலக் கருவிகளை எண்ணினால் தலைவணங்கத் தோன்றுகிறது.

வெப்பம் என்பது பொருளுக்குள் குடியிருக்கும் சரக்கு அன்று. வெப்பநிலை வேறுபாட்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆற்றல் கைமாறும் செயல் என்று இயற்பியல் முடிவு செய்தது. பொருளுக்குள் இருப்பது அக ஆற்றல். ஆகவே லவாய்சியர் காலத்தில் பண்டப் பெயராகக் கருதியிருக்கக் கூடிய சொல், ஜூலின் காலத்துக்குப் பின் பண்புப் பெயர்ப் பெட்டிக்குப் போய்விட்டது. சொல் அதேதான், எழுத்துக்கூட மாறவில்லை. மாறியது உலகைப் பற்றிய நம் அறிவு.

"பண்புப் பெயர்" என்று மாணவிக்கு விடை சொல்லிவிட்டு நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருக்கலாம். ஆனால் என் ஏட்டிலிருந்த சிவப்பு வட்டம் நினைவுக்கு வந்தது. பண்புப் பெயர் என்று தெரிந்தால் மட்டும் அவருக்கு 'எஸ்' போடத் தெரிந்துவிடுமா?

எண்ண முடியுமா, முடியாதா?

ஆங்கிலத்தில் 'ஐடியா' பண்புப் பெயர். ஆனாலும் 'ஐடியாஸ்' என்று பன்மையாக்கலாம். 'ஃபர்னிச்சர்' என்பது தொட்டுப் பார்க்கக் கூடிய மேசை நாற்காலி. அதற்குப் பன்மை கூடாது. 'எக்விப்மென்ட்' அதே சாதி. 'அட்வைஸ்' என்ற அறிவுரைக்கும் 'இன்ஃபர்மேஷன்' என்ற தகவலுக்கும் பன்மையில்லை. 'சஜஷன்' என்ற யோசனைக்கு உண்டு. ஐந்து பெட்டிகளில் எதைத் திறந்து பார்த்தாலும் இதற்கு விளக்கம் கிடைக்காது.

இதைத் தெளிவாகக் கண்டு சொன்னவர்களுள் முதன்மையானவர் டென்மார்க் நாட்டு மொழியறிஞர் ஆட்டோ ஜெஸ்பர்சன். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி அன்று என்பதை மறந்துவிடாதீர்கள். 1924-ல் வெளிவந்த 'இலக்கணத்தின் தத்துவம்' என்ற நூலில், எண்ணத்தக்க பொருள்களின் பெயர்களை ஒரு பக்கமும் எல்லைக்கோடு இல்லாதவற்றின் பெயர்களை மறுபக்கமும் வைத்தார். பின்னதை அவர் 'திரள்சொல்' என்ற பொருள்பட அழைத்தார். வெள்ளி, தண்ணீர், வெண்ணெய் ஆகியவை ஒருபுறமும், இசை, ஓய்வு, போக்குவரத்து ஆகியவை மறுபுறமுமாகப் பண்டமும் பண்பும் இந்த ஒரே கூடையில் அடங்கின. கிரேக்கர் காலத்திலிருந்து பண்டம், பண்பு என்று இரண்டாக நின்றவை, எண்ணிக்கை என்று வரும்போது ஒன்றாகிவிட்டன.

இப்போது வெப்பத்துக்கு வாருங்கள். கலோரிக் என்ற பண்டமாகக் கருதினாலும், ஆற்றல் கைமாற்றமாகக் கருதினாலும், ஆங்கில இலக்கணத்தில் 'ஹீட்' என்ற சொல் நடந்துகொள்ளும் விதம் பெரும்பாலும் ஒன்றே. முன்னால் 'ஏ' வராது; பின்னால் 'எஸ்' வராது; 'மெனி' வராது, 'மச்' வரும். ஓட்டப் பந்தயத்தின் தகுதிச் சுற்றை 'ஹீட்' என்னும்போது அது எண்ணத்தக்கது. 'ஹீட்ஸ்' என்று தாராளமாகச் சொல்லலாம். தன் வெப்பம், உள்ளுறை வெப்பம் ஆகிய அளவுகளை வகைவகையாகச் சேர்த்துச் சொல்லும்போது பாடநூல்களிலும் பன்மை காணப்படும். நான் எழுதிய இடம் அவை எதுவும் அன்று.

தமிழர்களாகிய நமக்கு இது ஏன் இடறுகிறது? நாம் 'பத்துத் தேங்காய்' என்றும் சொல்வோம், 'பத்துத் தேங்காய்கள்' என்றும் சொல்வோம். அஃறிணையில் 'கள்' பெரும்பாலும் நம் விருப்பம். எந்தப் பெயருக்குப் பன்மை உண்டு, எதற்கு இல்லை என்று ஒவ்வொரு சொல்லோடும் சேர்த்து நினைவில் கொள்ளும் பழக்கம் நமக்குத் தேவைப்பட்டதே இல்லை. இது அறிவுக் குறைவு அன்று.

இதே இடர் ஜப்பானியருக்கும் உண்டு. அங்கிருந்துதான் தீர்வும் வந்தது. 1924-ல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்ற ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர், இரு தோழர்களுடன் சேர்ந்து மாணவர்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். அது 1942-ல், போர் நடந்துகொண்டிருந்தபோது, டோக்கியோவில் வெளியாயிற்று. அதில் பெயர்ச்சொற்களுக்கு எண்ணத்தக்கது, எண்ணவியலாதது என்று ஒற்றை எழுத்துக் குறி இடப்பட்டிருந்தது. ஆங்கிலத்தையே பேசி வளர்ந்தவனுக்கு இந்தக் குறி தேவையில்லை; அதனால் நெடுங்காலம் யாரும் அதைப் போடவுமில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 1948-ல் அந்த அகராதியை மறுபதிப்புச் செய்தது. மாணவர்களுக்கான ஆக்ஸ்போர்டு அகராதி என்று இன்று கடைகளில் கிடைப்பது அதன் வழித்தோன்றல்தான். உங்களிடம் அது இருந்தால் 'ஹீட்' என்ற சொல்லைப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் 'சி' அல்லது 'யு' என்ற குறி நிற்கும். நான் கல்லூரி சேர்ந்த ஆண்டில் யாரேனும் அந்தச் சிறு எழுத்தைக் காட்டிக் கொடுத்திருந்தால், ஒரு வாரம் வகுப்புக்குப் போகக் கூசியிருக்க மாட்டேன்.

ஊர் பேர் தெரியாமல் போன பெரியவர்கள்

எண்ணவியலாததை எப்படி எண்ணுவது? தண்ணீரைக் குடத்தில் ஊற்றிக் குடங்களை எண்ணுகிறோம். இயற்பியலும் அதையே செய்கிறது. அதன் குடங்களுக்கு அலகு என்று பெயர். வெப்பத்தை எண்ண முடியாது, ஜூல்களை எண்ணலாம். மின்னோட்டத்தை எண்ண முடியாது, ஆம்பியர்களை எண்ணலாம்.

மின்னியல் அலகுகளுக்கு அறிஞர்களின் பெயரைச் சூட்டலாம் என்ற யோசனையை 1861-ல் இங்கிலாந்தில் லாட்டிமர் கிளார்க், சார்லஸ் பிரைட் என்ற தந்திப் பொறியாளர்கள் இருவர் முன்வைத்தார்கள். 1881-ல் பாரிசில் கூடிய உலக மின்னியல் மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர், கூலும், ஃபாரடு ஆகியவற்றை ஏற்றது. அந்த நொடியில் ஓர் இலக்கண மாற்றமும் நிகழ்ந்தது. 'ஆம்பியர்' என்ற மனிதர் சிறப்புப் பெயர், அவருக்குப் பன்மையில்லை. 'ஆம்பியர்' என்ற அலகு பொதுப் பெயர். ஐந்து ஆம்பியர், பத்து ஆம்பியர் என்று எத்தனை வேண்டுமானாலும் உண்டு. ஆகவேதான் ஆங்கிலத்தில் அலகின் பெயரை முழுதாக எழுதும்போது முதலெழுத்தைச் சிறிய எழுத்தில் எழுத வேண்டும். குறியீட்டில் மட்டும் பெரிய எழுத்து நிற்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாத நம் தமிழில் படித்து வந்த மாணவர்கள் விடைத்தாளில் நியூட்டனைப் பெரிய எழுத்தில் எழுதி அலகாக்குவது வழக்கம். பெயரின் வகையைச் சொல்லிக் கொடுத்த பிறகு அத்தவறு குறைவதைக் கண்டிருக்கிறேன்.

வெப்பநிலையில் இது இன்னும் சுவையானது. 1967 வரை 'டிகிரி கெல்வின்' என்றார்கள். டிகிரிதான் எண்ணப்பட்டது, கெல்வின் மனிதராகவே இருந்தார். அவ்வாண்டு எடை, அளவுகளுக்கான பொது மாநாடு டிகிரியை நீக்கியது. அன்று முதல் கெல்வின் பொதுப் பெயர், அவரையே எண்ணலாம். செல்சியசுக்கு டிகிரி இன்னும் துணை நிற்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் டிகிரி பன்மையாகிறது, செல்சியஸ் பெரிய எழுத்தோடு சிறப்புப் பெயராகவே இருக்கிறார்.

'ஜூல்' என்ற அலகை 1882-ல் முன்மொழிந்தவர் வில்லியம் சீமன்ஸ். 1889 ஆகஸ்டில் பாரிசில் கூடிய இரண்டாவது மின்னியல் மாநாடு, வாட் என்பதோடு சேர்த்து அதை ஏற்றுக்கொண்டது. அப்போது ஜேம்ஸ் ஜூல் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். தம் பெயர் பொதுப் பெயரானதை உயிரோடிருந்து கண்ட அவர், அவ்வாண்டு அக்டோபர் 11-ஆம் நாள் காலமானார். அவர் கல்லறைக் கல்லில் பொறித்திருப்பது ஓர் எண்: 772.55.